வாசல் வளைவு செய்யும் பட்டறைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வெல்டிங் பட்டறைக்காரர்களுக்கு,

புதுமனை புகுவிழாவுக்குச் சில நாட்களே இருக்கும்போது வீட்டுக்காரர் ஒருவர் பட்டறைக்கு வந்து நிற்பது உங்களுக்குப் பழகிய காட்சி. கேட் வேலை முடிந்துவிட்டது, அதன் மேல் அரைவட்டமாக ஒரு வளைவு வேண்டும், கொடி ஏற்றப்போகிறோம் என்பார். கைப்பேசியில் ஒரு படத்தையும் காட்டுவார். படத்தில் இரும்பே தெரியாது, முழுக்கப் பூ. நீங்கள் அகலம் கேட்பீர்கள், உயரம் கேட்பீர்கள். ஒன்றரை இஞ்சா இரண்டு இஞ்சா, ரவுண்டு பைப்பா ஸ்கொயர் பைப்பா, என்ன கேஜ், என்ன நிறம் என்று எல்லாம் கேட்டு எஸ்டிமேட் போடுவீர்கள். அந்த வளைவில் ஏறப்போவது என்ன கொடி என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை. வீட்டுக்காரரும் சொல்லமாட்டார். நர்சரிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றே அவர் இருப்பார்.

அந்த ஒரு கேள்வியை நீங்கள் முதலில் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல்.

சென்னைப் புறநகரிலோ கோவையிலோ மதுரையிலோ புதிதாக எழுந்த எந்தக் குடியிருப்பு வழியாக நடந்தாலும் விளைவைக் காணலாம். இரண்டு இஞ்ச் பைப்பில் பளபளவென்று பெயிண்ட் அடித்த வளைவு. அதன் அடியில் ஒரு கொடி, ஏறப் பிடி கிடைக்காமல் தரையில் சுருண்டு கிடக்கும். அல்லது கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டப்பட்டு, கட்டிய இடத்தில் தண்டு வெட்டுப்பட்டு, அதற்கு மேலே காய்ந்திருக்கும். இன்னும் சில வீடுகளில் இரண்டு கால்களும் மொட்டையாக நிற்க, உச்சியில் மட்டும் இலைக் குவியல் கனத்து, காற்றடிக்கும் பக்கம் வளைவே சாய்ந்திருக்கும். வீட்டுக்காரர் செடி சரியில்லை என்பார், மண் சரியில்லை என்பார், நர்சரிக்காரரை நொந்துகொள்வார். பாதிக் காரணம் இரும்பில் இருக்கிறது. உங்கள் கையில் சரியாகக்கூடிய பாதி அது.

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களுக்குள் ஒருமுறை போனால் இந்த வேலையின் அடிப்படை விளங்கிவிடும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை அங்கே ஆள் உயரத்துக்கு மேல் விரிந்த பந்தலில் காய்க்கிறது. வரிசை வரிசையாகக் கல்தூண்கள். தூண்களின் தலையில் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டிய கம்பிகள். பாரத்தைத் தூண் தாங்குகிறது. கொடி பற்றிப் போவதோ சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத கம்பியை. திண்டுக்கல், தேனி மாவட்டங்களில் புடலையும் பாகலும் பீர்க்கும் ஏறும் பந்தல்களிலும் இதே ஏற்பாடுதான். சுமக்க ஒன்று, பற்ற ஒன்று. உழவர்கள் எப்போதும் இவ்விரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறார்கள். வாசல் வளைவில்தான் இரண்டையும் ஒரே பைப்பின் தலையில் கட்டுகிறோம். சுமப்பதற்காகத் தடிமனான பைப்பைப் போட்டுவிட்டு, அதையே கொடி பற்றிக்கொள்ளும் என்று எதிர்பார்க்கிறோம். பெரும்பாலான கொடிகளால் அது முடியாது.

ஏன் முடியாது என்பதைத் தெரிந்துகொண்டால் ராடை வளைக்கும்போதே உங்கள் கை சரியான இடத்துக்குப் போகும்.

கொடிகள் ஏறும் விதத்தைப் பொறுமையாக உட்கார்ந்து பார்த்து எழுதியவர்களில் முதலில் நினைக்க வேண்டியவர் சார்லஸ் டார்வின். உடல்நலம் குன்றியிருந்த காலத்தில், தொட்டிச் செடிகளை அறைக்குள் வைத்துக்கொண்டு, தளிர் நுனி எந்த நேரத்தில் எந்தத் திசையில் நிற்கிறது என்று குறித்துவந்தார். 1865-இல் லண்டன் லின்னியன் சங்கத்தின் இதழில் அந்த ஆய்வு வெளியானது, 1875-இல் விரிவாக்கப்பட்டுத் தனி நூலாயிற்று. இலங்கையைச் சேர்ந்த செரோபீஜியா என்ற கொடியின் நீண்ட தளிர், 16 அடி சுற்றளவுள்ள ஒரு வட்டத்தை மணிக்கு 32 இஞ்ச் அளவு வேகத்தில் இரவும் பகலும் வீசிச் சுற்றியதை அவர் அதில் பதிவுசெய்திருக்கிறார். பற்றிக்கொள்ள ஒரு கொழுகொம்பைத் தேடித்தான் அந்தச் சுற்று. ஹாப்ஸ் கொடி வெப்பமான நாளில் ஏறக்குறைய 2 மணி 8 நிமிடத்துக்கு ஒரு சுற்று முடித்தது. நம் வாசலில் நிற்கும் சங்குப்பூவின் நுனியும் இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வேகம் என்பதால் அது சும்மா நிற்பதாக நினைத்துவிடுகிறோம்.

இப்படித் தண்டாலேயே சுற்றி ஏறுபவை ஒரு வகை. சங்குப்பூ, அவரை, ரங்கூன் மல்லி, வள்ளிக்கிழங்குக் கொடி எல்லாம் இதில் சேரும். சுற்றும் தண்டுக்குத் தடிமன் ஒரு தடை. இங்கிலாந்தின் சுற்றுக்கொடிகள் மரங்களைச் சுற்றி ஏறுவதில்லை என்றும், ஹனிசக்கிள் கொடி மட்டும் நாலரை இஞ்ச் விட்டமுள்ள இளம் மரத்தில் ஏறியதைப் பார்த்ததாகவும் டார்வின் எழுதினார். அவர் சிறு தொட்டியில் வளர்த்த விஸ்டேரியா ஐந்து, ஆறு இஞ்ச் பருமனுள்ள கம்பத்தைச் சுற்ற வாரக்கணக்கில் முயன்றும் முடியவில்லை. அதே இனம் கியூ தோட்டத்தில் ஆறு இஞ்சுக்கும் மேல் பருத்த மரத்தில் ஏறியிருந்தது. வயதும் வலுவும் வந்த கொடிக்குக் கூடுவது நர்சரிக் கவரிலிருந்து நேற்று இறங்கிய இளங்கொடிக்குக் கூடாது. அதனால் சுற்றுக்கொடிக்கு ஏற்றது ஒரு இஞ்சுக்கு உட்பட்ட ராடு. அரை இஞ்ச் இன்னும் நல்லது. வழுவழுப்பான எனாமல் பெயிண்டில் தளிர் சறுக்கும். அங்கே தேங்காய் நார்க்கயிற்றை நெருக்கமாகச் சுற்றிவிட்டால் பிடி கிடைத்துவிடும்.

சுற்றும் திசையும் கொடிக்குக் கொடி மாறும். உலகின் பல பகுதிகளில் எடுத்த கணக்கை வைத்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வு, சுற்றுக்கொடிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு ஒரே பக்கமாகச் சுற்றுவதைக் காட்டியது. மீதி எதிர்ப்பக்கம். வள்ளிக்கிழங்கிலேயே பெருவள்ளியும் சிறுவள்ளியும் எதிரெதிராகச் சுற்றும். கிழங்கைத் தோண்டாமலே இனத்தை அடையாளம் காண அது உதவுகிறது. வளைவு பொருத்தும் நாளில் ஏற்கெனவே அங்கே ஒரு கொடி இருந்து, அதைப் பிரித்துத் திரும்பச் சுற்றிவிடச் சொன்னால், முன்பு எந்தப் பக்கமாகச் சுற்றியிருந்தது என்று பார்த்துவிட்டு அதே பக்கமாகச் சுற்றுங்கள். மாற்றிச் சுற்றினால் அது தன்னை அவிழ்த்துக்கொண்டு கீழே இறங்கும்.

பற்றுக்கம்பியால் ஏறுபவை இரண்டாவது வகை. பாகல், புடலை, பீர்க்கு, சுரை, கோவை, திராட்சை, கொடித்தோடை ஆகியவை இந்த இனம். தண்டிலிருந்து நூல்போல ஒன்று நீண்டு வந்து எதையாவது தொட்டதும் வளைந்து பிடித்துக்கொள்ளும். தொடுதலை உணர்ந்து வளையத் தொடங்க, கொடித்தோடையின் உறவான ஒரு கொடிக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை என்று டார்வின் அளந்து சொன்னார். பிடித்த பிறகு நடப்பது அதைவிட அழகு. இரு முனையும் கட்டுண்டுவிட்ட அந்த நூல், நடுவில் ஒரு சிறு துண்டை நேராக விட்டு, ஒரு பாதி ஒரு பக்கமாகவும் மறு பாதி எதிர்ப்பக்கமாகவும் சுருண்டுகொள்ளும். கொடியைக் கம்பியை நோக்கி இழுத்துக்கொள்வதும் அதுதான், காற்றடித்தால் நீண்டு கொடுத்து அறுந்துபோகாமல் காப்பதும் அதுதான். பலத்த காற்று வீசும் நாளில் வேலியோரம் போய் நின்று, பிரையனி என்ற கொடி அந்தச் சுருள்களின் துணையோடு காற்றைத் தாங்குவதை டார்வின் பார்த்திருக்கிறார்.

இந்தச் சுருளுக்கு ஒன்றரை இஞ்ச் பைப் பயன்படாது. பிடிக்கும் பொருள் பற்றுக்கம்பியின் நீளத்துக்குள் ஒரு சுற்றுக்காவது அடங்க வேண்டும். இரண்டு, மூன்று எம்.எம். கம்பி, சணல், வலை, அதிகபட்சம் 6 எம்.எம். ராடு என்றால் கொடி தானாகவே ஏறும், யாரும் கட்டிவிட வேண்டியதில்லை. காய்கறிக் கொடி கேட்கிறவர்களிடம் உயரத்தையும் பேசிவிடுங்கள். புடலை நீளமாகத் தொங்கும். காய் நேராக வளர நுனியில் சிறு கல் கட்டிவிடும் வழக்கமும் உண்டு. ஏழு அடி வளைவில் புடலை காய்த்தால், வீட்டுக்குள் வருகிறவர் நெற்றியில் இடிக்கும். சுரைக்காய் நீளத்தில் குறைந்தாலும் எடையில் குறையாது. அங்கே வலை போதாது, உச்சியில் மூன்று நான்கு ராடு தேவைப்படும்.

செங்காந்தள் இந்த இரண்டிலும் சேராது. அதன் இலை நுனியே நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாகிவிடும். கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் அதன் விதைக்காகத் தாராபுரம், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் வயலாகவே பயிரிடுகிறார்கள். மாநில மலர் என்று ஆசையோடு வாசலில் ஏற்ற நினைப்பவர்கள் உண்டு. அதன் எல்லாப் பாகத்திலும், குறிப்பாகக் கிழங்கில், கால்ச்சிசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. சிறுபிள்ளைகள் விளையாடும் வாசலுக்கு அது வேண்டாம் என்று யாராவது சொல்ல வேண்டும். அந்த யாராவது நீங்களாகவே இருக்கலாம்.

இனி, உங்களிடம் கேட்கப்படும் வளைவுகளில் மிக அதிகம் ஏறுவது எதுவோ அதற்கு வருவோம். காகிதப்பூ. இதற்குச் சுற்றவும் தெரியாது, பற்றவும் தெரியாது. காட்டில் இது பக்கத்து மரத்தின் மேல் சாய்ந்து, முள்ளால் மாட்டிக்கொண்டு மேலே போகும். பூ என்று நாம் பார்க்கும் வண்ணம் உண்மையில் பூவடிச் செதில். நடுவில் வெள்ளையாகச் சிறு குழல்போல இருப்பதுதான் பூ. 1760-களில் பூகேன்வில் என்ற பிரெஞ்சுக் கடற்பயணியின் பயணத்தில் சேர்ந்து போன கொமெர்சன் என்ற தாவரவியலாளர் இதைப் பிரேசிலில் சேகரித்தார். ஆண் வேடமிட்டு உதவியாளராக அவருடன் போன ழான் பாரே, உலகைச் சுற்றிவந்த முதல் பெண்ணாக அறியப்படுகிறவர். அந்தக் கடற்பயணியின் பெயரைப் பெற்ற செடி இன்று நம் ஊர் வெயிலில், தண்ணீர் குறைந்தால் இன்னும் நன்றாகப் பூக்கிறது.

காகிதப்பூ தானாக ஏறாது என்பதால் கட்டித்தான் ஆக வேண்டும். கட்டுவதற்கு வளைவில் இடம் இருக்க வேண்டும். வழுக்கும் பைப்பில் கட்டினால் கட்டு கீழே சரியும். உங்களுக்கு இது பெரிய வேலையே இல்லை. பட்டறைத் தரையில் கிடக்கும் பழைய நட்டுகளை எடுத்து, பைப்பின் உட்பக்கத்தில் அடிக்கு ஒன்றாக நிமிர்த்தி வைத்து டேக் போட்டால் போதும். ஒவ்வொரு நட்டும் ஒரு வளையம். அதில் நார் கோத்துக் கட்டலாம், பிறகு மெல்லிய கம்பி இழுக்க வேண்டுமானாலும் அதே துளைகள் உதவும். ரோஜாவுக்கும் இதே ஏற்பாடு பொருந்தும். பிரான்சில் கிவெர்னி என்ற ஊரில் 1883-இல் குடியேறி 1926-இல் இறக்கும்வரை வாழ்ந்த ஓவியர் மோனே, வீட்டு வாசலிலிருந்து இறங்கும் நடுப்பாதையின் மேல் வரிசையாக இரும்பு வளைவுகள் நிறுத்தி ரோஜாக் கொடிகளை ஏற்றினார். அந்தத் தோட்டம் சீரமைக்கப்பட்டு 1980 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. அங்கே ரோஜா தன் முயற்சியால் மேலே போகவில்லை. தோட்டக்காரர்கள் ஆண்டுதோறும் கட்டிக் கட்டித்தான் அது வளைவாகிறது.

எதால் கட்டுவது என்பதிலும் ஒரு வேண்டுகோள். வளைவைப் பொருத்தி முடித்ததும் வீட்டுக்காரர் முகம் கோணக்கூடாது என்று, கையிலிருக்கும் கட்டுக்கம்பியாலேயே செடியையும் இறுக்கிக் கட்டிவிட்டு வரும் பழக்கம் இருக்கிறது. அன்போடு செய்வதுதான். ஆனால் தண்டு பருக்கப் பருக்கக் கம்பி உள்ளே அறுக்கும். இலை தயாரித்த உணவு பட்டை வழியாக வேருக்கு இறங்கும் பாதை அடைபடும், கொடி மெல்ல மெல்ல வாடும். பூக்கடையில் பூத்தொடுக்கும் வாழைநாரே இதற்குப் போதும். பைப்புக்கும் தண்டுக்கும் நடுவில் ஒரு முறுக்கு விட்டு, எட்டு வடிவில் தளர்வாகக் கட்டினால், தண்டு பருக்க இடமும் இருக்கும், இரும்பில் உரசாமலும் இருக்கும். சில மாதத்தில் நார் மக்கிவிடும். அதற்குள் தண்டு அந்த இடத்தில் நிற்கப் பழகியிருக்கும்.

கால்கள் மொட்டையாகி உச்சியில் மட்டும் அடர்வதற்குக் காரணமும் செடியின் உடலுக்குள்ளேயே இருக்கிறது. நேராக மேல்நோக்கி நிற்கும் தண்டின் நுனியில் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் உருவாகிக் கீழ்நோக்கி இறங்கும். அது இறங்கும் வழியில் உள்ள பக்க மொட்டுகளை விழிக்கவிடாது. தண்டைச் சாய்த்தால் அந்தக் கட்டுப்பாடு தளரும், கணுவுக்குக் கணு கிளை வரும், கிளை வந்த இடத்தில் பூ வரும். ஆகவே கொடியைக் காலின் ஓரமாக நேராக ஏற்றாமல், காலைச் சுற்றிச் சுற்றியோ அல்லது ஒரே பக்கத்து இரண்டு பைப்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்தோ ஏற்ற வேண்டும். இதற்கு ஒற்றைப் பைப் கால் போதாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு அடி இடைவெளியில் இரண்டு பைப் நிறுத்தி, நடுவே அரை அடிக்கு ஒன்றாக 6 அல்லது 8 எம்.எம். ராடு குறுக்கே வைத்துக் கொடுத்தால் கொடிக்கு உலவ இடம் கிடைக்கும். பூ வேலைப்பாட்டுக்கு ஆகும் நேரத்தையும் ராடையும் இதற்குச் செலவிட்டால், சில மாதங்களில் கொடியே வேலைப்பாடாகிவிடும். ஈட்டி முனைகளும் கூரான சுருள்களும் காற்றில் ஆடும் தளிரை வெட்டும். அவை கேட்டுக்கு இருக்கட்டும், வளைவுக்கு வேண்டாம்.

மெஷ் போடச் சொன்னால் கண் பெரிதாக இருக்கட்டும். இரண்டு இஞ்ச் கண்ணில் கொடி பின்னிக்கொண்ட பிறகு காய்ந்த தண்டை வெளியே எடுக்க முடியாது, கத்தரி உள்ளே போகாது. கை நுழையும் அளவுக்கு நாலு இஞ்சாவது வேண்டும். தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்கு மெஷ் இல்லாமல் விட்டுவிடுங்கள். மல்லிகைக் கொடி வைத்தால் மணத்துக்குப் பாம்பு வரும் என்ற அச்சம் பல வீடுகளில் இருக்கிறது. பாம்பு மணத்தைத் தேடி வருவதில்லை. தவளை, எலி, பல்லி எங்கே ஒளியுமோ அங்கே வரும். வலைக்கும் மண்ணுக்கும் நடுவில் சருகு சேர்ந்து அடைந்து கிடந்தால் அது ஒளிய நல்ல இடம். அடியில் இடம் விட்டுக் கூட்டிப் பெருக்க வசதி செய்துவிட்டால் வீட்டாரின் பயமும் குறையும்.

இரும்பைப் பற்றி உங்களுக்கே தெரிந்ததைச் சொல்வதாகத் தோன்றினாலும், கொடி ஏறும் இரும்புக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. கேட்டுக்கு இரண்டு ஆண்டு கழித்து மறுபடி பெயிண்ட் அடிக்கலாம். கொடி மூடிய வளைவுக்கு அடிக்கவே முடியாது. இலைகளுக்கு நடுவே ஈரம் நாள் முழுக்கத் தங்கும். ஒருமுறை செய்யும் பூச்சு பல ஆண்டு தாங்க வேண்டும். கூடுமானால் ஜி.ஐ. பைப். அதை வெல்டு செய்யும்போது மூட்டில் துத்தநாகப் பூச்சு எரிந்துவிடும், அந்த இடத்தில் துத்தநாகம் கலந்த பெயிண்டைத் தடவ வேண்டும். எரியும் அந்தப் புகை உங்களுக்கும் ஆகாது. வேலை முடிந்து சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் வருவது அந்தப் புகையால்தான். வெல்டு வைக்கும் இடத்தில் பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். சாதா பைப் என்றால் துருவை முழுக்கத் தேய்த்து, ரெட் ஆக்சைடு இரண்டு கோட்டாவது அடித்த பிறகே எனாமல். பைப்பின் வாய் திறந்திருக்கக் கூடாது. உள்ளே இறங்கும் மழைநீர் வெளியே தெரியாமல் காலை அரிக்கும்.

வெயிலும் இருக்கிறது. சித்திரை வெயிலில் கருப்புப் பெயிண்ட் அடித்த பைப்பை நடுப்பகலில் தொட்டுப்பாருங்கள். கை சுடும் இரும்பில் தளிர் நுனி கருகிப்போகும். இலை மூடிய பிறகு பிரச்சினை இல்லை, முதல் கோடைதான் சோதனை. வெளிர் நிறமாகக் கேட்டு வாங்குங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொல்லலாம், முடியாவிட்டால் நார்க்கயிறு சுற்றிக் கொடுக்கலாம். கயிறு நனைந்தால் கொஞ்ச நேரம் குளிர்ச்சியாகவும் இருக்கும்.

அடித்தளத்தில்தான் உயிர் போகிற விஷயம் இருக்கிறது. காம்பவுண்டு சுவரின் மேல் பேஸ் பிளேட் வைத்து நான்கு ஆங்கர் போல்ட் முடுக்கி நிறுத்தும் வளைவு, வெறுமையாக இருக்கும்வரை நிற்கும். ஒரு ரங்கூன் மல்லியோ காகிதப்பூவோ முழுக்க மூடிய பிறகு அது பாய் விரித்த கப்பல்போல் காற்றை வாங்கும். மழை நனைத்த இலையின் எடை அதோடு சேரும். 2011 டிசம்பரில் கடலூரைத் தாக்கிய தானே, 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைக் கடந்த வர்தா, 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா ஆகிய புயல்களுக்குப் பிறகும் சுவர் மேல் போல்ட் போட்ட வளைவுகளைக் கடற்கரை ஊர்களில் செய்துகொண்டிருப்பது சரியல்ல. கால்கள் மண்ணுக்குள் இறங்க வேண்டும். இரண்டு அடி ஆழக் குழி, பைப்பின் அடியில் குறுக்காக ஒரு ராடு, கான்கிரீட். அந்தக் கான்கிரீட் தரைக்கு மேல் இரண்டு இஞ்ச் எழுந்து, தண்ணீர் வழியும்படி சரிவாக முடிய வேண்டும். மண்ணும் இரும்பும் சேரும் கோட்டில்தான் துரு முதலில் பிடிக்கும்.

மேலே ஈ.பி. சர்வீஸ் ஒயர் போகிறதா என்று அண்ணாந்து பார்க்காமல் இடத்தைக் குறிக்காதீர்கள். இன்று எட்டடியில் இருக்கும் கொடி நாளை வளைவோடு நின்றுவிடாது, பற்ற எது கிடைத்தாலும் பற்றும். மழைக்காலத்தில் ஈரக்கொடி ஒயரில் ஏறுவதும், அதை வெட்ட யாரோ இரும்புக் கம்பியை நீட்டுவதும் நடக்கக் கூடாதவை. வளைவில் விளக்கு மாட்டச் சொன்னால் எர்த் இல்லாமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

கான்கிரீட் போட்ட கையோடு அந்தக் குழியிலேயே செடியை நடச் சொல்லி வீட்டார் அவசரப்படுவார்கள். கேட் ஓரத்து மண்ணில் கட்டட வேலையின் சிமெண்டும் சுண்ணாம்பும் ஜல்லியும் கலந்திருக்கும், வேர் அதில் திணறும். காலிலிருந்து ஒரு அடியாவது தள்ளி, ஒன்றரை அடிக் குழி தனியாக எடுத்து, செம்மண்ணும் மட்கிய எருவும் நிரப்பி நட்டு, தண்டை வளைவின் பக்கம் சாய்த்துவிட வேண்டும். உங்கள் ஆட்கள் குழி தோண்டும்போதே இந்த இரண்டாவது குழியையும் தோண்டிக் கொடுத்துவிட்டால் அந்த வீட்டுக்கு அது பெரிய உதவி.

என்ன கொடி வைக்கலாம் என்று உங்களிடமே திருப்பிக் கேட்பார்கள். முதலாண்டிலேயே வளைவு நிறைய வேண்டும் என்பவருக்குச் சங்குப்பூ. விதை போட்ட சில வாரங்களில் பூக்கும், கனமில்லை, 6 எம்.எம். ராடே போதும். மணம் வேண்டும் என்பவருக்கு முல்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகங்களில் பாரிமுல்லை என்றே ஒன்று உண்டு. முல்லையை ஜனவரிக் கடைசியில் கவாத்து செய்வது வழக்கம். அந்த நேரத்தில் ஏணி வைத்து ஏற வளைவு தாங்குமா என்பதை நீங்கள் முன்பே பார்த்திருக்க வேண்டும். மாலையில் வெள்ளையாக விரிந்து, அடுத்தடுத்த நாட்களில் இளஞ்சிவப்பாகிப் பிறகு சிவக்கும் ரங்கூன் மல்லி பெரிய கேட்டுக்கு ஏற்றது, சிறிய வளைவை அது விழுங்கிவிடும். இப்போது எல்லாருக்கும் பிடித்துப்போன, பச்சைத் திரைபோலத் தொங்கும் கர்ட்டன் கிரீப்பர் மியான்மர், தாய்லாந்துப் பக்கத்துச் செடி. அது ஏறுவதில்லை, மேலிருந்து தொங்கும். அதற்கு வளைவைவிட உயரமான தொட்டித் திண்டுதான் பொருத்தம்.

நீலகிரி, வால்பாறை, ஏற்காடு போன்ற குளிர்ந்த இடங்களில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு கொடியைத் தனியாகச் சொல்ல வேண்டும். துன்பெர்கியா மைசூரென்சிஸ். மஞ்சளும் செம்பழுப்புமாகப் பூக்கள் அடுக்கடுக்காக நீண்ட சரங்களில் தொங்கும், தேன்சிட்டுகள் அவற்றைத் தேடி வரும். இங்கிலாந்தின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி சிறந்த தோட்டச் செடிக்கான தன் விருதை இதற்குக் கொடுத்திருக்கிறது. அங்கே கண்ணாடிக் கூடத்துக்குள் சூடேற்றி இதை வளர்க்கிறார்கள். இதன் பிறப்பிடமோ நம் தென்னிந்திய மலைகள். சரம் இரண்டடி, மூன்றடிக்குக்கூட இறங்கும் என்பதால் வளைவின் உயரம் ஒன்பது, பத்து அடியாக இருந்தால்தான் அதன் அழகு முழுக்கத் தெரியும்.

இரும்பும் கொடியும் எவ்வளவு காலம் ஒன்றாக வாழலாம் என்பதற்கு ஜப்பானின் அஷிகாகா பூந்தோட்டம் சாட்சி. அங்கே நூற்றைம்பது வயதுக்கும் மேற்பட்ட ஒரு விஸ்டேரியா இருக்கிறது. 1996-இல் அதைப் பழைய இடத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளிப் புதிய தோட்டத்துக்கு மாற்றியவர் கொனாமி சுகமோட்டோ என்ற மர மருத்துவர். தூக்கும்போது அடிமரம் நசுங்காமல் இருக்க, எலும்பு முறிவுக்குப் போடும் மாவுக்கட்டையே மரத்துக்குப் போட்டார். இடம் மாறியபோது 72 சதுர மீட்டராக இருந்த பந்தல், கொடி பரவப் பரவ விரிவாக்கப்பட்டு இன்று சுமார் 1,000 சதுர மீட்டர். கொடிக்குத் தக்கபடி பந்தல் நீண்டுகொண்டே போயிருக்கிறது. நம் வாசல் வளைவுக்கு அந்த அளவு தேவையில்லை. ஆனால் பின்னால் ஒரு ராடு கூட்டிப் பிடிக்கவோ, ஒரு பக்கத்தைக் கழற்றிப் பெயிண்ட் அடித்து மாட்டவோ வழி இருக்க வேண்டும். முழுவதையும் வெல்டு வைத்து மூடாமல், குறுக்கு ராடு சட்டங்களை நட்டு போல்ட்டில் மாட்டிக் கொடுத்தால் அது முடியும்.

இந்த வேலைகளுக்குக் கூடுதல் நேரமும் பொருளும் ஆகும் என்பது தெரியும். நட்டு வளையம், குறுக்கு ராடு, ஜி.ஐ., ஆழமான அடித்தளம், கழற்றும் சட்டம், நார்க்கயிறு ஒவ்வொன்றையும் எஸ்டிமேட்டில் தனித்தனி வரியாக எழுதி, எதற்காக என்று ஒரு சொல்லில் சொல்லி, கூலியைத் தயங்காமல் கேளுங்கள். கொடியின் பெயர் முதல் வரியில் இருக்கட்டும். வீட்டுக்காரர் இன்னும் முடிவு செய்யவில்லை என்றால், நர்சரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை பைப்பை வெட்டாமல் வையுங்கள். புகுவிழாவுக்கு வளைவு இல்லாமல் வாழை மரமும் மாவிலைத் தோரணமும் மட்டும் இருந்தாலும் குறை ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் வந்து பொருத்திக் கொடுக்கலாம்.

அன்புடன்,
வாசலில் கொடி வளர்ப்பவர்கள் சார்பில்